ஆற்றுக்கும் ஆள் வேண்டும்

எங்கள் அப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் தோட்டம், ஏழாவது நாள் தூண்டில். பேராக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் ஹாருவானும் பாவோங்கும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன குழம்பு என்பதை அம்மா முடிவு செய்ததே இல்லை. அந்த ஆறுதான் முடிவு செய்யும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு ஞாயிறு காலை அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். தண்ணீர் கறுத்திருந்ததாம். மீன்கள் வயிறு தெரிய மிதந்தனவாம். மேல்கரையில் இருந்த ஓர் ஆலையின் மீது எல்லாருக்கும் சந்தேகம். மறுநாள் அப்பாவும் நண்பர்கள் நால்வரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். "இது எங்க வேலை இல்லை, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால் கேள்விகள்: "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? படம் இருக்கா? தண்ணி பிடிச்சு வெச்சீங்களா?" ஒன்றுமே இல்லை. ஐந்து பேரும் வீடு திரும்பினார்கள். கதை அத்தோடு முடிந்தது.

இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஆனால் கதை மாறிவிட்டதா? நான் இருக்கும் மீன்பிடி வாட்ஸ்அப் குழுவில் கடந்த ஆண்டு ஒருவர், செத்து மிதக்கும் மீன்களின் படம் போட்டார். வரிசையாக அழுகை முகங்கள் வந்து விழுந்தன. மறுநாள் காலை அதே குழுவில் "புது ரீல், பாதி விலை" என்று விளம்பரம். எந்த ஆறு, எந்த இடம் என்றுகூட யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கூட்டம் இருந்தது, அமைப்பு இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடியபோதுதான் இங்கிலாந்து மீன்பிடிப்பாளர்களின் கதை எனக்குக் கிடைத்தது.

ஒரு சங்கம், ஒரு வழக்கு

1948இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர், ஆறுகளை மாசுபடுத்துவோர் மீது வழக்குப் போடுவதற்கென்றே மீன்பிடிப்பாளர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பெரிய சோதனை வந்தது. டெர்பி நகரின் மீன்பிடிச் சங்கம் ஒன்று, டெர்வென்ட் ஆற்றைக் கெடுத்ததாக மூன்று தரப்புகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒன்று, பிரிட்டிஷ் செலனீஸ் தொழிற்சாலை. இரண்டு, நகராட்சி. மூன்று, அரசின் மின்சார வாரியம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்கள் இந்த மூவரையும் எதிர்த்து ஜெயித்தார்கள். நகராட்சி மேல்முறையீடு செய்தும் 1952இல் தோற்றது.

மீன்பிடிப்பாளர்களுக்கென்று வேறு பல அமைப்புகளும் இருந்தன. கடல்மீனுக்கு ஒன்று, நன்னீர் மீனுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு குரலில் பேசிக்கொண்டிருந்தன. 2009இல் அவை ஒன்றுசேர்ந்து ஆங்லிங் டிரஸ்ட் என்ற தேசிய அமைப்பாயின. ஈஸ்ட்வுட்டின் சங்கம் ஃபிஷ் லீகல் என்ற பெயரில் அதன் சட்டக் கையாக இயங்குகிறது. தனி ஆளும் உறுப்பினராகலாம், ஊர்ச் சங்கமும் உறுப்பினராகலாம்.

ஆனால் தலைநகரில் கேட்கும் ஒரே குரல் மட்டும் போதாது. தலைமையகத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு, நூறு மைலுக்கு அப்பால் ஓடும் சிற்றாற்றில் இன்று காலை என்ன மிதக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு அந்தக் கரையிலேயே ஆள் வேண்டும்.

பார், எழுது, சொல்

2012இல் அந்த அமைப்பும் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து, தென்கிழக்கு வட்டாரத்தில் தொண்டூழியக் காவலர் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கின. பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. அங்கே மீன்பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். அந்தப் பணத்தின் ஒரு பகுதி இதற்குப் போகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சம்பளம் வாங்கும் பொறுப்பாளர் ஒருவர். அவருக்குக் கீழே அந்தந்தக் கரையில் மீன்பிடிக்கும் தொண்டூழியர்கள்.

இவர்களுக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை, யாரையும் பிடித்து நிறுத்தும் அதிகாரமும் இல்லை. வேலை மூன்றே சொல்: பார், எழுது, சொல். திருட்டு வலையா, உரிமமில்லாத தூண்டிலா, இடம், நேரம், வண்டி எண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு முகமையின் அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சண்டைக்குப் போகக் கூடாது. பயிற்சியின் முதல் பாடமே அதுதான்.

2022இல் இன்னொரு வேலையும் சேர்ந்தது. செவர்ன் ஆற்றுப் பகுதியில் தொடங்கி, மீன்பிடிப்பாளர்களே கையடக்கக் கருவிகளோடு தண்ணீரைச் சோதிக்கிறார்கள். பாஸ்பேட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று மாதாமாதம் அதே இடத்தில் பார்த்து எழுதுகிறார்கள். ஒருவர் எழுதினால் அது குறிப்பு. பல ஊர்களில் பலர் ஒரே படிவத்தில் எழுதினால் அது ஆதாரம். எங்கள் அப்பாவிடம் அலுவலகம் கேட்டதும் அந்த ஆதாரத்தைத்தான்.

ஏன் சிலர் நிலைக்கிறார்கள்?

வானொலியில் இருப்பதால் எனக்கு ஒன்று தெரியும். நிகழ்ச்சியில் உதவி கேட்டால் தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரியும். மறுவாரம் கூப்பிட்டால் பாதிப்பேர் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டோம்.

நிலைக்கும் குழுக்களில் நான் கவனித்தது மூன்று. வேலை சின்னதாகவும் தெளிவாகவும் இருக்கிறது. கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். கொடுத்த தகவலுக்கு என்ன ஆனது என்ற செய்தி திரும்பி வருகிறது. இந்த மூன்றில் கடைசியை விட்டுவிட்டால், முதல் இரண்டும் ஓராண்டுகூடத் தாங்காது.

நம் நாட்டிலும் இருக்கிறது

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. சபாவில் "தாகால்" முறை இருக்கிறது. கிராமக் குழுவே ஆற்றைப் பகுதி பிரிக்கும். சிவப்பில் மீன் பிடிக்கவே கூடாது. மஞ்சளில் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் பிடிக்கலாம். பச்சையில் விதிப்படி பிடிக்கலாம். 2003இல் மாநிலச் சட்டமே அதற்குத் துணை நின்றது. ரானாவில் மோரோலி ஆற்றுக்குப் போனவர்கள், காலைச் சுற்றி வரும் மீன்களைப் பார்த்திருப்பீர்கள். காத்தது கிராமம், பின்னால் நின்றது மீன்வளத் துறை.

நம் பக்கத்தில் ஆறு மாநிலத்தின் பொறுப்பு. தொழிற்சாலைக் கழிவைப் பார்ப்பது, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. அப்பா இரண்டு அலுவலகம் அலைந்ததன் காரணம் இப்போது எனக்குப் புரிகிறது. தனி ஆளுக்கு இந்த வழி சுற்றுவழி. கரையில் கண்ணும் தலைநகரில் குரலும் உள்ள அமைப்புக்கு அது நேர்வழி.

மீன் பிடிக்காதவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் மாசு கலந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் நின்றது. வாளியோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

பெரிய அமைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரே ஆற்றுக்குப் போகும் ஐந்து பேர் போதும். ஆளுக்கொரு வாரம் முறை வையுங்கள். தேதி, நேரம், இடம், தண்ணீரின் நிறம், வாடை, ஒரு படம். ஒருவர் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சேர்த்து வைக்கட்டும். பக்கத்து ஊர் ஐவரிடமும் அதே நோட்டு இருந்தால் அது ஒரு வட்டாரம்.

போன மாதம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்லே" என்றார். மறுவாரம் போனபோது தூண்டில் பையில் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் தேதி, நேரம். கீழே அப்பாவின் கோணல் எழுத்தில்: "தண்ணி தெளிவு. ரெண்டு ஹாருவான். பேரனும் வந்தான்."