ரத்தப்போக்கு, உதிரப்போக்கு, ரத்தக்கசிவு: 'ஹெமரேஜ்' என்றால் என்ன?

2023 ஜூன் 19 அன்று கடலூர் மாவட்டம் மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. இத்தகைய விபத்துகளில் மருத்துவர்கள் முதலில் அஞ்சுவது 'ஹெமரேஜ்'. கிரேக்கத்தில் 'ஹைமா' என்றால் ரத்தம். சொல்லின் பின்பாதிக்கு உடைந்து பீறிடுவது என்று பொருள்.

தமிழில் இடத்துக்கு ஏற்பப் பெயர் மாறுகிறது. பிரசவத்தில் உதிரப்போக்கு, காயத்தில் ரத்தப்போக்கு, மூளையில் ரத்தக்கசிவு. இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதைக் 'கசிவு' என்று சொன்னால், விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டார் நினைத்துவிடக்கூடும்.

பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. முக்கால் லிட்டருக்கு மேல் இழந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், கைகால் சில்லிடும். 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். வயிற்றுக்குள் பெருகினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. முகம் வெளிறி வியர்ப்பவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் நம்பாதீர்கள்.

காயத்தைத் துணியால் அழுத்தினால் ரத்தம் ஏன் நிற்கிறது? ரத்தக்குழாய் உடைந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டி, ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலை பின்னச் சில நிமிடங்கள் வேண்டும். வேகமாகப் பாயும் ரத்தம் அந்த அடைப்பை அடித்துச் சென்றுவிடும். அழுத்தம் ஓட்டத்தைக் குறைத்து அவகாசம் தருகிறது. துணி நனைந்தால் எடுக்காதீர்கள். மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். பக்கத்தில் நிற்பவரை உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.