லண்டன் சுவர்களில் இயற்கை

லண்டனில் இயற்கையையும் பருவநிலை மாற்றத்தையும் பேசும் சுவரோவியங்கள் கடைச் சுவர்களிலும் ரயில்பாலங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் காணப்படுகின்றன. வரைந்த இடமே பல ஓவியங்களின் பொருளில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

2009 டிசம்பரில், கோபன்ஹேகன் பருவநிலை மாநாடு முடிந்த வேளையில், கேம்டனில் ரீஜன்ட் கால்வாய்ச் சுவரில் தெரு ஓவியர் பேங்க்சி ஒரு வாசகம் எழுதினார். புவி வெப்பமாவதைத் தாம் நம்பவில்லை என்பது அதன் பொருள். எழுத்துகளின் கீழ்ப்பகுதி நீருக்குள் மூழ்கியிருந்தது. மறுப்பவரின் வாயைக் கால்வாயின் நீர்மட்டமே அடைத்துவிட்டது.

2024 மார்ச்சில் ஃபின்ஸ்பரி பார்க் அருகே, கிளைகள் வெட்டப்பட்டு மொட்டையாக நின்ற செர்ரி மரத்தின் பின்னுள்ள சுவரில் அவர் பச்சை வண்ணத்தைப் பீய்ச்சியடித்தார். நேர் எதிரே நின்றால் மரம் தழைத்ததுபோலத் தெரிந்தது. சற்று விலகினால் மரம் வேறு, வண்ணம் வேறு. பக்கத்தில் குழாய் பிடித்த ஆளின் உருவம் ஸ்டென்சிலில் இருந்தது.

ஸ்டென்சில் என்பது உருவத்தை அட்டையில் முன்பே வெட்டி, சுவரில் வைத்து, மேலே வண்ணம் தெளிக்கும் முறை. சில நிமிடங்களில் வேலை முடியும். அனுமதியின்றி வரைவது 1971ஆம் ஆண்டுக் குற்றச் சேதச் சட்டப்படி குற்றமாகலாம் என்பதால் இந்த வேகம் உதவுகிறது.

பெரிய ஓவியங்களுக்குச் சுவரின் உரிமையாளர் சம்மதம் வேண்டும், சாரமும் வேண்டும். சினிமா பேனர் ஓவியர்களைப்போல் கட்டம் போட்டுச் சிறிய படத்தைப் பெரிதாக்குவார்கள். ஸ்பிரே டப்பாவின் முனையை மாற்றினால் கோட்டின் தடிமன் மாறும். டப்பாவிலிருந்து வண்ணத்தை வெளித்தள்ள, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோஃபுளோரோகார்பன் ஒருகாலத்தில் பயன்பட்டது. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அதன் இடத்தைப் பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் வாயுக்கள் பிடித்தன. ஆனாலும் வண்ணத்திலுள்ள கரைப்பான்கள் ஆவியாகிக் காற்றை மாசுபடுத்துகின்றன.

பெல்ஜிய ஓவியர் ரோவா கருப்பு வெள்ளையில் விலங்குகளை வரைபவர். வங்காளிகள் மிகுந்த பிரிக் லேன் பகுதியில் 2010இல் நாரை வரையத் தொடங்கியவர், அங்குள்ளோர் கொக்கைப் போற்றுவதை அறிந்து அதைக் கொக்காக மாற்றினார் என்பர். ஓவியர் லூயி மசாய் 2014இல் தேனீக்களைக் காக்கக் கோரும் ஓவியங்களைக் கிழக்கு லண்டனில் தீட்டினார். டவர் ஹேம்லெட்ஸ் கல்லறைப் பூங்கா அருகே, ரயில்பாதையைத் தாங்கும் 13 வளைவுகளில் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் இடம்பெற்றன.

இவ்வோவியங்களின் ஆயுள் குறைவு. வெயிலும் மழையும் நிறத்தை மங்கச் செய்யும், வேறொருவர் மேலே வரைந்துவிடலாம், கட்டடமே இடிக்கப்படலாம். ஃபின்ஸ்பரி பார்க் பச்சையின்மேல் சில நாட்களிலேயே யாரோ வெள்ளை வண்ணத்தை வீசினர். அதனால் பல ஓவியங்கள் இன்று புகைப்படங்களில் மட்டுமே கிடைக்கின்றன.