போர் தண்ணீர் தெளிந்ததா?

வண்டல் நிலத்தில் போர் போடும்போது துளை சரியாமலிருக்க பென்டோனைட் களிக்குழம்பு விடுவார்கள். அக்களி முழுவதும் வெளியேறாவிட்டால் ஊற்று அடைபட்டு, கிடைக்கும் நீர் குறையும்.

கம்ப்ரஸர் ஓட்டும்போது வரும் நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். காற்றுக் குமிழிகள் அடங்கியதும், இருட்டறையில் ஒருபுறம் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். களித்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் ஒளி செல்லும் வழி வெண்மையாய்த் தெரியும். ஆய்வகக் கலங்கல்மானியும் இவ்வாறே 90 டிகிரியில் சிதறும் ஒளியை அளந்து, என்.டி.யு. என்ற அலகில் காட்டுகிறது.

தெளிந்த குடிநீரையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும்வரை கம்ப்ரஸரை நிறுத்தவிடக் கூடாது. பாட்டிலின் அடியில் மணல் தங்கினால் மோட்டார் இறக்காதீர்கள், இம்பெல்லர் தேய்ந்துவிடும்.