வானம் காட்டும் நீர்முறை

பின்னிரவில் மண்வெட்டியைத் தோளில் வைத்து மடை திறக்கச் செல்லும் விவசாயியும், வெயில் ஏறுமுன் தெருவில் பாவு விரிப்பதற்காக எழும் நெசவாளியும் வானத்தோடு பழகியவர்கள். மற்றவர் உறங்கும் வேளையில் நட்சத்திரங்களைக் காணும் வாய்ப்பு அவர்களுக்கே மிகுதியாக உண்டு. ஆயினும், நாள்தோறும் காணும் பொருளை நாம் ஆராய்ந்து பார்ப்பது அரிது. இம்மாதம் நம் அங்கத்தினர்களுடன் சேர்ந்து வானத்தைச் சற்று ஆராய விரும்புகிறோம். இது வெறும் பொழுதுபோக்கு அன்று. பலருக்கும் பொதுவான ஒரு பொருளை யாருக்கும் குறைவின்றி அளந்து கொடுப்பது எப்படி என்னும் கேள்விக்கு வானத்தில் ஒரு விடை இருக்கிறது.

இரவுதோறும் 4 நிமிடம்

நட்சத்திரங்கள் கிழக்கே உதித்து மேற்கே மறைகின்றன. அவை ஒன்றையொன்று முந்துவதில்லை. நெய்த சேலையைப் படமரத்தில் சுற்றும்போது அதிலுள்ள பூக்கள் தம் வரிசை கலையாமல் துணியோடு சேர்ந்து நகர்வதைப் போல, வானம் முழுவதும் ஒரே அமைப்பாக நகர்கிறது. வடக்கே தாழ்வாகத் தெரியும் துருவ நட்சத்திரம் மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. சென்னையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் சுமார் 8 பாகை உயரத்திலும் காணப்படும்.

உண்மையில் சுழல்வது வானம் அன்று. நாம் நிற்கும் பூமியே மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஓடத்தில் செல்பவனுக்குக் கரையிலுள்ள பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டி, ஆரியபட்டர் கி.பி. 499-இல் இயற்றிய நூலிலேயே இதனை விளக்கியிருக்கிறார்.

இந்நகர்வைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. மேற்கே உயர்ந்த சுவர் ஒன்று தெரியும்படியான இடத்தைத் தேர்ந்து, தரையில் ஓர் அடையாளம் இட்டுக் கொள்ளுங்கள். அவ்விடத்தில் நின்று, ஒளி மிக்க நட்சத்திரம் ஒன்று சுவரின் விளிம்பில் மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். மறுநாள் அதே இடத்தில் நின்று, அதே நட்சத்திரத்தைப் பாருங்கள். அது சுமார் 4 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். 15 நாட்களில் இவ்வேறுபாடு 1 மணியாகும். ஒரு மாதத்தில் 2 மணியாகும். ஓராண்டில் முழுச் சுற்று முடிந்து பழைய நேரத்துக்கே வந்து சேரும்.

இதற்குக் காரணம் என்ன? பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. அதற்குள் அது சூரியனைச் சுற்றும் தன் பாதையிலும் சிறிது தூரம் சென்றுவிடுகிறது. ஆகவே, சூரியனை மீண்டும் நேராகக் காண அது இன்னும் சற்றுத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கு ஆகும் நேரமே அந்த 4 நிமிடம். நம் கடிகாரங்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன. நட்சத்திரங்களோ பூமியின் சுழற்சியை அப்படியே காட்டுகின்றன.

கூட்டுக் கிணற்றில் ஒரு கணக்கு

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். கூட்டுக் கிணறு ஒன்றில் இரு பங்காளிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அவர்களிடம் கடிகாரம் இல்லை. பொழுது சாய்ந்தது முதல் கார்த்திகை மீன்கூட்டம் உச்சிக்கு வரும்வரை அண்ணன் இறைப்பது என்றும், அதன்பின் விடியும்வரை தம்பி இறைப்பது என்றும் ஏற்பாடு செய்து கொள்கின்றனர். நவம்பர் 20-ஆம் தேதியளவில் கார்த்திகை நள்ளிரவில் உச்சிக்கு வருகிறது. ஆகவே, இருவருக்கும் சுமார் 6 மணி நேரம் கிடைக்கிறது. டிசம்பர் 20-இல் அது இரவு 10 மணிக்கே உச்சியை அடைகிறது. ஜனவரி 20-இலோ 8 மணிக்கே உச்சிக்கு வந்துவிடுகிறது. அண்ணனுடைய பங்கு 2 மணியாகச் சுருங்க, தம்பியின் பங்கு 10 மணியாகப் பெருகிவிடுகிறது!

இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒப்புக்கொண்ட சொல்லையும் யாரும் மீறவில்லை. ஆயினும் ஒரு வயல் வாடுகிறது. பிழை அளவுகோலில் இருக்கிறது. ஒரு முனையைச் சூரியனிலும் மறு முனையை நட்சத்திரத்திலும் கட்டிய கயிறு நாளுக்கு நாள் நீளம் மாறத்தானே செய்யும்?

இதற்கு மாற்று உண்டு. இரண்டு முனைகளையும் நட்சத்திரங்களிலேயே கட்டிவிட வேண்டும். கார்த்திகை உச்சிக்கு வந்தபின் திருவாதிரை உச்சிக்கு வர ஏறக்குறைய 2 மணி 8 நிமிடம் ஆகும். நவம்பரிலும் ஜனவரியிலும் இவ்விடைவெளி மாறாது. முறை தொடங்கும் நேரம் இரவுதோறும் முன்னால் நகருமே அன்றி, முறையின் அளவு குறையவே குறையாது.

ஓமான் நாட்டு உழவர்

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. அரபு நாடுகளுள் ஒன்றான ஓமானில் ஃபலஜ் எனப்படும் வாய்க்கால்கள் உள்ளன. மலையடிவாரத்து நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் பள்ளத்தை நோக்கித் தானே ஓடச் செய்து, ஊருக்கும் பேரீச்சந் தோப்புகளுக்கும் கொண்டு சேர்ப்பவை அவை. இத்தகைய வாய்க்கால்கள் சுமார் 3,000 இன்றும் பயன்படுகின்றன. அவற்றுள் 5 வாய்க்கால்களை யுனெஸ்கோ நிறுவனம் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது.

மழை குறைந்த அந்நாட்டில் நீரே செல்வம். ஊரார் கூடி அதனை நேரப் பங்குகளாகப் பிரித்துக் கொள்கின்றனர். பகலில் நட்டு வைத்த கோலின் நிழலைக் கொண்டும், இரவில் நட்சத்திரங்களைக் கொண்டும் பங்கை அளந்து வந்தனர். குறித்ததோர் இடத்திலிருந்து ஒரு நட்சத்திரம் குன்றின் மேலோ சுவரின் மேலோ தோன்றுவதைக் கண்டதும் ஒருவருடைய மடை அடைபடும். அடுத்தவருடைய மடை திறக்கும். வரிசையில் அடுத்த நட்சத்திரம் தோன்றும்வரை நீர் அவருக்கே உரியது. நாம் கார்த்திகை என்று வழங்கும் கூட்டத்தை அவர்கள் துரையா என்று அழைப்பர். அதுவும் அவ்வரிசையில் ஒன்று. இப்போது பெரும்பாலான ஊர்களில் கைக்கடிகாரம் வந்துவிட்டது. எனினும், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் அளக்கும் அம்முறை பல தலைமுறைகளுக்கு ஊர் ஒற்றுமையைக் காத்து நின்றது.

அந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நட்சத்திரம் யாருடைய வீட்டிலும் பூட்டி வைக்கப்படவில்லை. செல்வரும் எளியவரும் ஒரே இடத்தில் நின்று அதனைக் காண முடிந்தது. அளவுகோல் மாறாததாக இருந்தால் மட்டும் போதாது. அனைவர் கண்ணுக்கும் தெரிவதாகவும் இருக்க வேண்டும். சங்கத்தின் தராசுக்கும், கூலிக் கணக்குக்கும், நூல் கொடுக்கும் பதிவேட்டுக்கும் இது பொருந்துமென்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வரும் கார்த்திகை மாதத்தில், இருட்டியதும் விளக்கொளி படாத இடத்தில் நின்று கிழக்கே பாருங்கள். சற்று வடக்கே ஒதுங்கி அந்தச் சிறு மீன்கூட்டம் எழுவதைக் காண்பீர்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பத்து இரவுகள் நேரத்தைக் குறித்து வந்தால், பூமி சுழல்வதைப் பிறர் சொல்லக் கேட்டு அன்றி, தம் கண்ணாலேயே கண்டு அவர்கள் அறிவார்கள்.