புள்ளியும் எழுத்தும்: லோபாக் என்னும் பெயரால் ஓர் அறுகோணம்

கோலக் குறிப்பேடுகளில் "7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை" என்று ஒரு வரி எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கோலமிடத் தெரிந்தவர்க்கு அவ்வொரு வரியே போதும். நடுவில் 7 புள்ளிகள். அதன் மேலும் கீழும், முன்வரியின் இடைவெளிகளுக்கு நேராக, 6, 5, 4 என்று குறைந்துசெல்லும் புள்ளிகள். மொத்தம் 7 வரிகள், 37 புள்ளிகள். அவற்றின் வெளி விளிம்பை இணைத்தால் கிடைப்பது ஓர் அறுகோணம். நம் தோட்டப்புற வீட்டு வாசல்களில் பாட்டிமார் இட்ட கோலங்களுக்கு அடிப்படை இத்தகைய விதிகளே. அவற்றையே கணினிக்குச் சொன்னால் அது நிரல் ஆகிவிடுகிறது.

நிரலுக்கு வேண்டிய கட்டளைகள் மிகச் சில. வரி எண்ணாக 4, 5, 6, 7, 6, 5, 4 ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள். 7-இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து, அத்தனை வெற்றிடம் விடு. பின், அவ்வெண்ணின் அளவுக்கு உடுக்குறியும் ஒரு வெற்றிடமுமாக எழுது. அடுத்த வரிக்குச் செல். திரையில் தோன்றுவது இது:

   * * * *
  * * * * *
 * * * * * *
* * * * * * *
 * * * * * *
  * * * * *
   * * * *

கோலத்தை நிரல் என்று கூறுவது வெறும் உவமையன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் அணி இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். சொற்றொடர்கள் விதிகளிலிருந்து பிறப்பதை விளக்க நோம் சாம்சுகி 1950-களில் ஒரு முறையை வகுத்திருந்தார். அதனை அவர்கள் நீளமும் அகலமும் உடைய வடிவங்களுக்கு விரித்தனர். சொற்றொடரில் சொற்கள் நிற்கும் இடத்தில், கட்டங்களுக்குள் குறியீடுகள் நிற்கும். மொழியியல் பயின்றவன் ஒருவன் நிரலாக்கம் குறித்துப் பேச முன்வருவதற்கு இவ்வுறவே காரணம்.

இனி, லோபாக்கில் பயிலும் மாணவர் ஒருவர், உடுக்குறிக்கு மாற்றாகத் தம் ஊர்ப்பெயரின் எழுத்துகளை அவ்வறுகோணத்தில் நிரப்ப விரும்புகிறார் என்று கொள்வோம். லோ, பா, க் என எழுத்துகள் மூன்று. ஆனால் பைத்தான் மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 6 என்று விடை வரும். முதல் வரியின் நான்கு இடங்களில் ல, ோ, ப, ா என்பவை நிற்கும். தாங்கும் மெய்யை இழந்த உயிர்க்குறிகள் புள்ளி வட்டத்தோடு தனித்துத் தொங்கும். ஆங்கில எழுத்தால் ஒழுங்காக வந்த படம் தமிழெழுத்தால் சிதைந்ததைக் காணும் பிள்ளை, தமிழ் கணினிக்கு ஒத்துவராத மொழி என்று முடிவு கட்டிவிடக்கூடும். நாம் தடுக்கவேண்டியது அந்த முடிவைத்தான். பிழை மொழியில் இல்லை. எண்ணும் முறையில் இருக்கிறது.

1991-இல் வந்த முதற்பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988-இல் அமைந்த இஸ்கி முறையை அது பின்பற்றியது. அம்முறையில் அகரமேறிய "க" ஒரு குறி. "க்" என்பது "க" என்ற குறியும் புள்ளியும் சேர்ந்த இரு குறிகள். நம் இலக்கணமோ இதற்கு நேர்மாறாக, "க்" என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தே "க" பிறக்கிறது என்று கொள்ளும். இரண்டும் தத்தம் நோக்கில் பொருந்துவனவே. சேமிப்பதற்கான அலகு வேறு, எழுத்து என்னும் அலகு வேறு என்று உணர்ந்தால் குழப்பம் தீரும்.

எழுத்தை எண்ணுமுன் எண்ணும் விதியை வகுத்துக்கொள்வது தமிழுக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் ஓரடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. ஒற்றுகள் கணக்கில் சேரா. நாகபந்தம், சக்கரம் முதலிய சித்திரகவிகளைத் தண்டியலங்காரம் கூறுகிறது. அவற்றில் எழுத்துகளே வடிவத்தை நிரப்புகின்றன. மாலைமாற்றும் அவ்வகையினதே. "விகடகவி" என்பதை எழுத்து எழுத்தாகத் திருப்பினால் அதுவே மீண்டும் வரும். ஒருங்குறிக் குறிகளாகத் திருப்பினாலோ, இகரக் குறி முதலில் வந்து சொல் குலைந்துவிடும்.

திருத்தம் எளிது. சொல்லின் குறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வந்த குறி 11 உயிர்க்குறிகளுள் ஒன்றாகவோ புள்ளியாகவோ இருந்தால், அதை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்துவிடுங்கள். அல்லவெனில் புதிய எழுத்து ஒன்றைத் தொடங்குங்கள். இவ்விதியை நிரலில் சேர்த்தவுடன் நீளம் 3 ஆகும். அறுகோணத்தின் 37 இடங்களில் ஊர்ப்பெயர் 12 முறை முழுமையாக நிரம்பி, ஓர் எழுத்து எஞ்சும். அதனால் முதலிடத்திலும் இறுதியிடத்திலும் "லோ" நிற்கும். நட்ட நடுவிலுள்ள 19-ஆம் இடத்திலும் அதுவே நிற்பதை மாணவர்கள் கணக்கிட்டுக் காணலாம்.

மற்றொரு தடையும் உண்டு. தமிழெழுத்துகள் அகலத்தில் ஒத்தவையல்ல; "ர" ஒடுங்கியது, "ணை" விரிந்தது. எனவே வெற்றிடத்தால் மட்டும் நேர்செய்தால் விளிம்பு கோணும். சித்திரகவியின் கட்டத்தில் இடுவதைப் போல, ஒத்த அகலமுடைய அறைக்கு ஓர் எழுத்தாக அட்டவணையில் இட்டால் வடிவம் நிலைபெறும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரலைக் கற்பிக்குமுன், "இங்கே எதை ஒன்றென எண்ணப்போகிறோம்?" என்று மாணவரைக் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் பிள்ளை நிரலாக்கத்தோடு எழுத்திலக்கணத்தையும் கற்றுக்கொள்ளும். "க்ஷ" ஒன்றா, இரண்டா என்று அது உங்களையே திருப்பிக் கேட்குமாயின், பாடம் நன்கு நடந்தது என்று மகிழலாம்.