மிச்சம் வைக்காத பிலிம்

“1950-களின் அமெரிக்கக் கார் ஷோரூம், கார் கண்காட்சி என்று கைப்பேசியில் ஓயாமல் படங்கள் வருகின்றன. சிவப்பும் மயில்நீலமும் நேற்று எடுத்ததுபோல் இருக்கின்றன. 1981-இல் எடுத்த எங்கள் கல்யாண ஆல்பமோ முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. அவை மட்டும் எப்படி? எல்லாம் ஏஐ வேலைதானா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சந்தேகம் பாதி நியாயமானது. அந்தக் காலத்து டீலர்கள் விளம்பரத்துக்காக எடுத்துவைத்த படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அவற்றுக்கு இப்போது மென்பொருள் வண்ணம் பூசுகிறது. ‘தொலைந்த வண்ணத்தை மீட்டுவிட்டோம்’ என்று அதற்கு ஒரு பெருமை வேறு. கறுப்பு வெள்ளை பிலிமில் பதிவது வெளிச்சத்தின் அளவு மட்டும்தான். 1955 செவ்ரோலே பெல் ஏர் காரின் இரட்டை வண்ணத்தில் ஒன்று பவளநிறமா, கடல்பச்சையா என்பது அங்கே பதியவே இல்லை. இரண்டும் ஒரே சாம்பலாக விழக்கூடும். பதியாததை எப்படி மீட்பது? ஊகிக்கலாம், அவ்வளவே. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. செவ்ரோலே கார்வெட் 1953 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஓட்டலில், ஜெனரல் மோட்டார்ஸின் ‘மோட்டோரமா’ கண்காட்சியில் அறிமுகமானது. அந்த ஆண்டு தயாரித்த 300 கார்களும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. ‘1953-இல் எடுத்த படம்’ என்று நீலக் கார்வெட் வந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

மீதிப் பாதி உண்மையான வண்ணப் படங்கள். பார்வையாளர்கள் சொந்தக் கேமராவில் எடுத்த ஸ்லைடுகள். அவற்றில் நிறம் மாறாமல் நிற்பவை பெரும்பாலும் கோடக் நிறுவனத்தின் கோடாக்ரோம் பிலிம். அந்தப் பிலிமுக்குள் படத்துக்கு நிறம் தரும் சாயமும் இல்லை, சாயத்தை உண்டாக்கும் சரக்கும் இல்லை. கடையில் வாங்கும்போது அது மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளை பிலிம்தான்: நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்கு ஒவ்வோர் அடுக்கு.

வண்ணம் பிறப்பது கழுவும் இடத்தில். டெவலப்பர் திரவம் வெள்ளி உப்பை வெள்ளியாக்கும்போது தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படி மாறிய டெவலப்பர், பக்கத்தில் ‘கப்ளர்’ என்ற சேர்மம் இருந்தால் அதனுடன் கூடி அந்த இடத்திலேயே சாயமாகிவிடும். வெள்ளி உருவாகும் இடத்தில்தான் சாயம். எவ்வளவு வெள்ளியோ அவ்வளவு சாயம். பிறகு வெள்ளியை வெளுத்துக் கரைத்துவிட்டால் சாயம் மட்டும் நிற்கும். பெரும்பாலான வண்ணப் பிலிம்களுக்கு இதுதான் வழி. கப்ளர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்ணப் பிலிமிலும் போட்டோ தாளிலும் மளிகை முன்கூட்டியே வீட்டுக்குள் இறங்கிவிடுகிறது. கப்ளர்கள் அடுக்குகளிலேயே குந்தியிருக்கும். விருந்து முடிந்தாலும் செலவாகாத மளிகை அங்கேதான் கிடக்கும். நாளாக நாளாகக் காறி, மஞ்சள் கறை விடும். தன் அடுக்கு என்ற அறையைவிட்டு நகராத சரக்காகவும் இருக்கவேண்டும் என்பதால் எல்லாம் முதல் தரமாக அமையாது. கோடாக்ரோமில் கழுவும் கூடம் என்ற காண்ட்ராக்டரே மளிகையோடு வருகிறார். முதலில் கறுப்பு வெள்ளையாக ஒருமுறை கழுவுகிறார். பிறகு பின்பக்கமிருந்து சிவப்பு ஒளி காட்டி, அடி அடுக்கில் மட்டும் சியான் என்ற நீலப்பச்சைச் சாயம் சமைக்கிறார். முன்பக்கமிருந்து நீல ஒளி காட்டி, மேல் அடுக்கில் மஞ்சள். நடு அடுக்கில் கடைசியாக மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு. ஓர் அறையில் வேலை நடக்கும்போது மற்ற அறைகளில் அடுப்பு பற்றாது. பந்தி முடிந்ததும் மிச்சத்தைக் கையோடு வாரிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டில் எறும்பு வர ஒன்றுமில்லை. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. இந்தச் சமையலை வீட்டிலோ தெருமுனை ஸ்டுடியோவிலோ செய்ய முடியாது. ஆகவே 1954 வரை அமெரிக்காவில் பிலிமின் விலையிலேயே கழுவும் கூலியையும் சேர்த்து வாங்கியது கோடக். அரசின் ஏகபோக எதிர்ப்பு நடவடிக்கைக்குப் பிறகே அது நின்றது. 2010 டிசம்பரோடு கடைசியாக எஞ்சியிருந்த கான்சாஸ் மாநிலத்துக் காண்ட்ராக்டரும் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டார். இனி பரணில் கழுவாத கோடாக்ரோம் சுருள் கிடைத்தால், அரிசி உண்டு, சமையலுக்கு ஆள் இல்லை.

உங்கள் ஆல்பத்தின் கதையும் இதிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பல போட்டோ தாள்களில் இருட்டில் வைத்தாலும் முதலில் சிதைவது சியான். அது போனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் செம்மண்.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கோடாக்ரோமைக் கண்டுபிடித்தவர்கள் இருவரும் இசைக்கலைஞர்கள். லியோபோல்ட் மேன்ஸ் பியானோ, லியோபோல்ட் கோடோவ்ஸ்கி ஜூனியர் வயலின். இருட்டறையில் பிராம்ஸின் இசையைச் சீட்டியடித்தே நேரம் கணக்கிட்டார்கள் என்பார்கள். 1935-இல் சினிமா பிலிமாகவும், அடுத்த ஆண்டு ஸ்லைடாகவும் விற்பனைக்கு வந்தது. 2009-இல் தயாரிப்பு நின்றது.

ஒளியைப் பதியும் இதன் வேகமோ படுமந்தம். ஐம்பதுகளில் பகலொளிக் கோடாக்ரோமின் வேகம் ஏஎஸ்ஏ 10 மட்டுமே. ஃபிளாஷ் இல்லாமல் கண்காட்சி அரங்குக்குள் எடுத்தால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கவேண்டும். அசையாத கார் கூர்மையாக விழும். நடமாடும் மனிதர்கள் கலங்கிப்போவார்கள். மங்கலான அரங்கில் எடுத்ததாகச் சொல்லும் படத்தில் கூட்டம் முழுக்கக் கண்ணிமைவரை துல்லியமாகத் தெரிந்தால், ஃபிளாஷ் வெளிச்சத்தின் தடயத்தைத் தேடிப் பாருங்கள்.

அதற்காகக் கோடாக்ரோம் அழியாது என்று நம்பிவிட வேண்டாம். ஹென்றி வில்ஹெல்ம் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி, சாதாரண அறை வெப்பத்தில் அதன் மிகப் பலவீனமான மஞ்சள் சாயம் 20 சதவீதம் குறைய 185 ஆண்டுகள் ஆகும். ஆனால் அது இருட்டில் வைத்தால். புரொஜெக்டர் விளக்கின்முன் அது சில போட்டிப் பிலிம்களைவிட வேகமாக வெளுக்கும். வீட்டில் அடிக்கடி போட்டுப் பார்த்த ஸ்லைடுகள் நிறம் இழந்தன. பெட்டியில் மறந்துகிடந்தவை பிழைத்தன. இன்று ஸ்கேன் செய்து பரப்பப்படுபவை பிழைத்தவை மட்டுமே. வெளுத்ததை யாரும் பகிர்வதில்லை. சாதாரண நிறக் காரைப் படமெடுக்க விலையுயர்ந்த வண்ணப் பிலிமை எத்தனை பேர் செலவழித்திருப்பார்கள்? ஆகவே ‘அந்தக் காலம் எவ்வளவு வண்ணமயமாக இருந்தது’ என்ற பெருமூச்சுக்கு இந்தப் படங்கள் சாட்சியாகா. யார் எதை எடுத்தார்கள், எது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்பதற்குத்தான் அவை சாட்சி.