தெளிக்கும் முன் சிந்திப்போம்

பள்ளித் தோட்டத்தில் நட்ட மிளகாய்ச் செடிகள் செழிப்பாக வளர்ந்து வருகின்றன. ஒரு நாள் காலையில் பார்த்தால், சில செடிகளின் இலைகள் மஞ்சளாகிவிட்டன. "பூச்சி வந்துவிட்டது, மருந்து தெளிக்க வேண்டும்" என்கிறார் ஒருவர். "உரம் போதவில்லை; இன்னும் ஒரு பிடி போடலாம்" என்கிறார் மற்றொருவர். யார் சொல்வது சரி? செடியையும் மண்ணையும் சோதிக்காத வரையில் இரண்டுமே ஊகம்தான். நோயாளியைச் சோதிக்காமல் மருத்துவர் மருந்து கொடுப்பதில்லை. பயிருக்கும் அதே முறைதான் பொருந்தும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். நல்ல தோட்ட மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி மட்டுமே திடப்பொருள். மறுபாதி, துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி. அந்த இடைவெளியில் நீரும் காற்றும் இருக்கின்றன. வேர் நீரை உறிஞ்சுகிறது, சுவாசிக்கவும் செய்கிறது. ஆகவே, அதற்கு இரண்டும் தேவை. மணல் துகள்கள் பெரியவை. அவற்றின் இடையே நீர் விரைவாக வடிந்து, சத்துகளையும் உடன் கொண்டுபோய்விடும். களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அது நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். ஆனால், இறுகிவிட்டால் நீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காது. மட்கு உரம் இவ்விரு மண்ணுக்கும் உதவும். அது மணலில் ஈரத்தைத் தக்கவைக்கும், களிமண்ணைப் பொலபொலப்பாக்கும்.

அடுத்து, மண்ணின் அமிலத்தன்மை. இதனைப் பிஎச் என்னும் அளவால் குறிப்பிடுவர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பிஎச் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு உயர்கிறது. மலேசியாவில் ஆண்டு முழுவதும் பெய்யும் கனமழை, மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியம் போன்றவற்றை அரித்துச் செல்கிறது. அதனால், மேட்டு நிலங்களில் பிஎச் 4 முதல் 5 வரை உள்ள மண் பரவலாகக் காணப்படுகிறது. இத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைத் தாக்கும்; பாஸ்பரஸ் சத்து மண்ணோடு பிணைந்துவிடும். அந்நிலையில் எவ்வளவு உரம் போட்டாலும் செடி முழுப் பயன் பெறாது. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் சுண்ணாம்புக்கல் தூளை மண்ணில் கலப்பதே இதற்குத் தீர்வு. எவ்வளவு கலப்பது என்பதை மண் பரிசோதனை சொல்லும்.

உரம் மிகுந்தாலும் தொல்லைதான். யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டால் செடி கரும்பச்சையாக, இளந்தளிர்களோடு வளரும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளுக்கு அந்தத் தளிர்களே விருந்து. மண்ணில் செய்யும் தவறு இலையில் பூச்சியாக வெளிப்படுவதும் உண்டு.

இனி, பூச்சிகளுக்கு வருவோம். தோட்டத்தில் காணும் எல்லாப் பூச்சிகளும் பகைவர் அல்ல. பொறிவண்டு அசுவினியைத் தின்னும். சிலவகைக் குளவிகள் புழுக்களின் உடலுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும். இந்த நண்பர்களை இழந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களே காட்டின. 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும், நெடுநாள் வீரியம் குறையாத பூச்சிக்கொல்லிகள் அங்கே தெளிக்கப்பட்டன. ஆனால், இலைகளை அரிக்கும் பைப்புழுக்கள் குறையவில்லை, மாறாக, பெருகின. இலைத் துணுக்குகளால் கட்டிய பைக்குள் வாழும் அப்புழுக்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. அவற்றைத் தேடி அலைந்த குளவிகளும் பிற எதிரிகளுமே நஞ்சில் மடிந்தன. பி. ஜே. வூட் என்னும் ஆய்வாளர் இக்காரணத்தை விளக்கினார். அத்தகைய தெளிப்பு நிறுத்தப்பட்டபின், இயற்கை எதிரிகள் மீண்டும் பெருகின, பைப்புழுக்கள் குறைந்தன.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதிலும் ஆபத்து உண்டு. மருந்தைத் தாங்கும் சில பூச்சிகள் மட்டும் பிழைக்கும். அவற்றின் சந்ததியே அடுத்த பருவத்தில் வயலை நிரப்பும். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, டிடிடி மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது 1953-இலேயே ஜாவா தீவில் கண்டறியப்பட்டது. கேமரன் மலையிலும் இப்பூச்சி காய்கறி விவசாயிகளைத் திணறடித்தது. 1970-களில் அதன் புழுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே விடப்பட்டது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து வளர்ந்ததே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை. பயிரை வாரந்தோறும் கண்காணிப்பது அதன் முதற்படி. இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பார்த்து, எந்தப் பூச்சி, எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். சேதத்தால் வரும் இழப்பு, தடுக்கும் செலவைவிடக் கூடும் என்று தெரிந்தால்தான் நடவடிக்கை தேவை. பயிர்ச் சுழற்சி, வலை, மஞ்சள் ஒட்டுப்பொறி, புழுக்களைக் கையால் அகற்றுதல் ஆகியவற்றை முதலில் கையாளலாம். செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்க ஆந்தைகளுக்குக் கூண்டுப்பெட்டி வைப்பதும், குளவிகளுக்குத் தேன் தரும் பூச்செடிகளைச் சாலையோரம் நடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இரசாயன மருந்து கடைசி வழி. அதனைப் பயிற்சி பெற்ற பெரியவர்களே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, குறிப்பிட்ட அளவில் தெளிக்க வேண்டும். தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதைப் புட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். அந்த நாள்களைப் பொருட்படுத்தாமல் பறித்த காய்கறி, மருந்தோடு சேர்ந்தே நம் தட்டுக்கு வரும்.

மீண்டும் நம் மிளகாய்ச் செடிக்கு வருவோம். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால், நைட்ரஜன் சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். பாத்தியில் நீர் தேங்கியிருந்தால், வேர் மூச்சுத் திணறியிருக்கலாம். இலையின் அடிப்புறத்தில் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தால், அவை சாற்றை உறிஞ்சியிருக்கலாம். ஒரே மஞ்சள் நிறத்துக்கு மூன்று காரணங்கள். மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வுகள். எது என்று அறிய, குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். அவசரப்பட்டுத் தெளித்த நஞ்சையோ திரும்ப எடுக்க முடியாது.